குறைவிலைக் கேட்பு (வீடு விற்பனை)

வீட்டுக்குச் சொன்ன விலையைவிட வெகுவாகக் குறைத்து வாங்குபவர் கேட்கும் தொகை. இதை அவமதிப்பாக எண்ணிப் பேச்சை முறிப்பது தவறு. பேரம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பதில் விலை சொல்லுமுன், அக்கம்பக்கத்தில் அண்மையில் முடிந்த கிரயங்களோடு அரசின் வழிகாட்டி மதிப்பையும் பார்க்க வேண்டும். அது சந்தை விலை அல்லவே என்பார்கள். உண்மைதான், ஆனாலும் அதையொட்டிக் கொள்ளப்படும் முத்திரைத்தீர்வைக்கான மதிப்பு விற்ற தொகையின் 110 சதவீதத்தைத் தாண்டினால், வருமான வரிக்கு அம்மதிப்பே விற்பனைத் தொகையாகக் கொள்ளப்படும். 60 லட்சம் மதிப்புள்ள வீட்டை 50 லட்சத்துக்குக் கொடுப்பவர், கைக்கு வராத 10 லட்சத்தையும் சேர்த்தே மூலதன ஆதாயம் கணக்கிட நேரும்.

இறங்கி வந்தால் அவசரம் தெரிந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துவைத்து, காரணம் சொல்லிக் குறைப்பவருக்கு அந்த அச்சம் தேவையில்லை. வங்கிக் கடன் ஒப்புதலோடு வந்து விரைவில் பதிவு முடிப்பவருக்குச் சற்றுக் குறைக்கலாம். முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால், ரொக்கமாக வாங்கக் கூடாது.