அப்பாவின் பெயர் எந்தக் கொப்பியில்?

1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வருத்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல், வருத்தம் வருமுன்னே வீட்டுப் படலைக்குப் போவதுதான் அதன் யோசனை. அந்த முறை நாடு முழுக்கப் பரவி, மட்டக்களப்பு வாவியையும் கடந்தது. 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனைத் துறையால் படுவான்கரைக்குப் போவதென்றால் பாதை ஏறவேணும். அப்படியும் மிட்வைஃப் மிஸ் போனா.

அவவின் கையில் ஒரு கொப்பி. எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எப்போது ஊசி, எல்லாம் அதில் இருக்கும். ஒரு வீட்டில் சொன்னதை அடுத்த வீட்டில் சொல்லமாட்டா. இன்று 'ஆளுக்கேற்ற நோய்த்தடுப்பு' என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதன் பழைய வடிவம் இதுதான். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது சில பத்துகள். அதற்கு அந்தக் கொப்பியும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கொப்பி தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. அப்பா அதில் நோயாளியாக வருவதே இல்லை. இப்போது ஆளைச் சாய்ப்பது சீனி வருத்தமும் பிரஷரும். 2011 முதல் நடுவயதினரைப் பரிசோதிக்க அரசு தனி நிலையங்களை நடத்துகிறது. அங்கேயும் பெண்கள்தான் கூட வருகிறார்கள். இரவு முழுக்க வாவியில் வலை போட்டவர் காலையில் கிளினிக் வரிசையில் நிற்பாரா? கூலிக்குப் போகிறவருக்கு அது ஒருநாள் சம்பளம்.

இங்கேதான் போன் வருகிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2009 முதல் 2012 வரை தென்னிந்தியாவில் ஓர் ஆய்வு செய்தது. சீனி வருத்தத்தின் விளிம்பில் நின்ற, வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை. பாதிப்பேருக்கு மட்டும் தொடர்ந்து எஸ்எம்எஸ். எல்லோருக்கும் ஒரே வசனம் இல்லை. மாறுவதற்கு மனம் இன்னும் வராதவருக்கு ஒன்று, நடக்கத் தொடங்கியவருக்கு வேறொன்று. இரண்டு வருடத்தில் மெசேஜ் கிடைத்தவர்களில் 18 வீதமானோருக்கு வருத்தம் வந்தது. கிடைக்காதவர்களில் 27 வீதம். ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை.

அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். நம்ம தோணிக்காரர் அப்படியில்லை. அதனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர ஏலாது. ஆனால் பாடம் ஒன்றுதான்: ஊருக்கெல்லாம் ஒரே மெசேஜ் அனுப்பினால் அது கையடக்க லவுட்ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஆளை அறிந்து, அவர் தமிழில், அவர் கரைக்கு வந்த நேரத்தில் பேசினால்தான் அது மிட்வைஃப் மிஸ்ஸின் கொப்பி. அதற்கு முதலில் யாராவது அப்பாவின் பெயரை எழுதவேணும்.