காத்திருப்பின் கூலி: துறைமுக வாயிலிலிருந்து கைத்தொலைபேசி வரை

வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, முன்பின் அறியாத பெருந்திரளினருக்குக் கணினி வலையமைப்பின் வழியே பகிர்ந்தளிக்கும் முறைக்கு 2006ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜெஃப் ஹோவ் 'கிரௌட்சோர்சிங்' எனப் பெயரிட்டார். இதனைத் திரள்வழி வேலைபெறல் எனலாம். இம்முறையும், செயலிகள் மூலம் வாகன ஓட்டுநரையும் உணவு விநியோகிப்போரையும் அழைக்கும் டிஜிட்டல் தளங்களும் முன்னெப்போதும் இல்லாத புதுமையாகவே பேசப்படுகின்றன. கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கருவி தோற்றுவிக்கும் உற்பத்தி உறவும் புதியதுதானா? ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே தொழிலாளி காத்திருக்கும் நேரத்தின் செலவை யார் ஏற்கின்றனர் என்ற வினாவினூடாக இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் துறைமுகம் இவ்வினாவுக்குத் தக்கதொரு தொடக்கமாகும். கப்பல்களின் வரவு காற்றையும் கடலையும் வணிகப் பருவத்தையும் பொறுத்தது. ஆகவே, துறைமுகக் கொம்பனிகள் நிரந்தரத் தொழிலாளரைக் குறைவாகவே வைத்திருந்தன. எஞ்சியோர் நாள்தோறும் வாயிலில் கூடினர். மேற்பார்வையாளர் கைகாட்டி அழைத்தவருக்கு வேலை கிடைத்தது. அதுவும் சிலவேளை ஓரிரு மணி நேரத்துக்கே. அழைக்கப்படாதவர் வெறுங்கையுடன் திரும்பினர். வணிகத்தின் நிச்சயமின்மை முழுவதும் இவ்வாறு உழைப்பாளியின் வயிற்றின்மீது சுமத்தப்பட்டது.

1889 ஓகஸ்டில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். மணிக்கு 6 பென்ஸ் கூலி என்ற கோரிக்கையே பரவலாக நினைவுகூரப்படுகின்றது. அதனோடு, ஒருவரை வேலைக்கு அழைத்தால் குறைந்தது 4 மணி நேரத்துக்கேனும் அழைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் முன்வைக்கப்பட்டது. முன்னையது உழைத்த நேரத்தின் விலையைப் பற்றியது. பின்னையது காத்திருந்த நேரத்தின் பெறுமதியைப் பற்றியது. பென் டில்லெற், ஜோன் பேர்ன்ஸ், ரொம் மான் முதலியோர் தலைமையில், அவுஸ்திரேலியத் தொழிலாளர் அனுப்பிய நிதியின் துணையுடன், ஏறத்தாழ ஐந்து வாரப் போராட்டத்தின் பின் 6 பென்ஸ் கிடைத்தது. எனினும் வேலைக்கு வந்தும் வேலை கிடைக்காத துறைமுகத் தொழிலாளிக்கு வருகைப் பணம் வழங்கும் தேசியத் திட்டம் பிரித்தானியாவில் 1947இலேயே நடைமுறைக்கு வந்தது. காத்திருப்புக்கு விலை பெற அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, நமது காலத்துக்கு வருவோம். 2005இல் அமேசன் நிறுவனம் 'மெக்கானிக்கல் ரேர்க்' என்னும் தளத்தைத் தொடங்கியது. படங்களுக்குப் பெயரிடல், ஒலிப்பதிவை எழுத்தாக்கல் போன்ற சிறு பணிகள் இதில் துண்டுக்கூலிக்கு வழங்கப்படுகின்றன. 1770இல் வியன்னா அரசவையில் காட்டப்பட்ட, தானே சதுரங்கம் ஆடுவதாகத் தோன்றிய பொறியின் நினைவாகவே இப்பெயர் இடப்பட்டது. அப்பொறியினுள் மனிதரொருவர் ஒளிந்திருந்தார். கணினி தானே செய்வதாகத் தோன்றும் வேலையின் உள்ளேயும் மனித உழைப்பு மறைந்திருப்பதைத் தளத்தின் பெயரே ஒப்புக்கொள்கின்றது! இத்தளத்தின் 2,676 தொழிலாளரின் பணிப்பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, அவர்களது இடைநிலை வருமானம் மணிக்கு ஏறத்தாழ 2 டொலரே எனக் கண்டது. பணியைத் தேடும் நேரமும், செய்தபின் நிராகரிக்கப்பட்ட பணியின் நேரமும் கூலியற்றவை என்பது இதற்கான காரணங்களுள் ஒன்று.

பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகின்றது. கட்டணத்தையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் கொம்பனியே விதிக்கின்றது; அழைப்புகளை மறுப்போரைத் தண்டிக்கின்றது; பயணியர் இடும் மதிப்பெண்களால் ஓட்டுநரைக் கண்காணிக்கின்றது. ஆகவே, ஓட்டுநர் சுயதொழில் புரிவோர் அல்லர் எனவும், செயலியைத் திறந்து அழைப்பை ஏற்க ஆயத்தமாயிருக்கும் நேரமும் வேலை நேரமே எனவும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அடுத்த மாதமே, அழைப்பை ஏற்ற நேரத்திலிருந்துதான் குறைந்தபட்சக் கூலி கணக்கிடப்படும் எனக் கொம்பனி அறிவித்தது. 1889இன் வினா மீண்டும் எழுந்தது.

விரும்பிய வேளையில் வேலை செய்யும் சுதந்திரத்தை இத்தளங்கள் தருகின்றன என்று வாதிடுவோர் உளர். இதனை முற்றாக ஒதுக்கிவிட இயலாது. இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பலரும் இத்தகைய சுதந்திரத்தைப் பெரிதும் மதித்தனர். ஆயினும் செலவை மற்றொருவர் தலையில் சுமத்துவதற்குச் சுதந்திரம் ஒரு நியாயமாகாது. மேலும், துறைமுகத் தொழிலாளருக்கு ஒரு வாயில் இருந்தது. அங்கு அவர்கள் ஒருவரையொருவர் கண்டனர், பேசினர், ஒன்றுசேர்ந்தனர். அவர்களை அவமானப்படுத்திய வாயிலே அவர்களது சங்கத்தின் விளைநிலமாகவும் அமைந்தது. டிஜிட்டல் தளமோ திரளைச் சேர்க்கின்றது, ஆனால் திரளினரைச் சந்திக்க விடுவதில்லை. உண்மையான புதுமை இதுவே எனலாம்.

இவ்வினா நமக்கும் அந்நியமானதன்று. 1927இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் வேலைநிறுத்தம் கண்ட கொழும்புத் துறைமுகம் நமது தொழிலாளர் வரலாற்றின் முக்கிய களமாகும். அவ்வியக்கங்கள் வளர்ந்த காலத்தில் உருவான 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், பின்னர் 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், தொழில்தருநர் ஒருவர் உளர் என்ற அடிப்படையில் எழுந்தவை. செயலியோ தன்னைத் தொழில்தருநர் என அழைத்துக்கொள்வதில்லை. 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்ற முச்சக்கரவண்டி ஓட்டுநர்களின் நேரத்தை எவரும் கணக்கில் எழுதவில்லை. அது எவரது கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை எந்தக் கருவியும் தீர்மானிக்கப் போவதில்லை. 1889இல் வாயிலில் நின்றவர்களைப் போல, காத்திருப்போரே ஒன்றுகூடித் தீர்மானிக்க வேண்டிய விடயம் அது.