வந்து சென்றவர்களும் அங்கேயே இருந்தவர்களும்

கபீர் கான் இயக்கி 2006 டிசம்பரில் வெளியான 'காபூல் எக்ஸ்பிரஸ்', போர்ப் பூமியினூடே பயணிக்கும் செய்தியாளர்களை மையமாகக் கொண்ட அரிதான இந்தியப் படங்களுள் ஒன்று. தாலிபான் ஆட்சி சரிந்த 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழையும் இரு இந்தியத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள், தப்பியோடும் பாகிஸ்தானியச் சிப்பாய் ஒருவனிடம் பிணையாக அகப்பட்டு, ஒரு ஜீப்பில் எல்லை நோக்கிச் செல்வதே கதை. யஷ் ராஜ் என்னும் பெருநிறுவனத்தின் தயாரிப்பாயினும், ஆவணப்பட மரபிலிருந்து வந்த இயக்குநர் அந்நாட்டில் தாமே அலைந்து கண்டவற்றிலிருந்து உருவாக்கிய படம் அது. ஆப்கான் மண்ணிலேயே எடுக்கப்பட்டது. இயக்குநரின் முதற்படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

அப்படத்தின் பலம் எதுவோ, அதுவே அதன் எல்லையும் ஆகும். அங்கே செய்தியாளர் ஒரு வழிப்போக்கர். வருகிறார், காண்கிறார், அஞ்சுகிறார், நகைக்கவும் செய்கிறார். இறுதியில் ஊர் திரும்புகிறார். திரும்பிச் செல்ல வேறோர் ஊர் இல்லாத செய்தியாளரின் கதையை நம் திரை எப்போது சொல்லும் என்பதே நமது வினா.

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள கீழவைப்பார் போன்ற ஊர்களுக்கு இவ்வினா தொலைவானதன்று. மன்னார் வளைகுடாவின் இக்கரையில் முத்துக்குளித்துறை. அக்கரையில் மன்னாரும் வன்னியும். முத்துக்குளித்துறையும் ஒரு காலத்தில் போர்ப் பூமியாகவே இருந்தது. 1544 ஜூனில் வடுகர் படை புகுந்தபோது, குமரிமுனைப் பரதவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மாண்டதைப் பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டிலிருந்து எழுதிய மடலில் காண்கிறோம். உணவேற்றிய இருபது தோணிகளுடன் புறப்பட்டும், எதிர்க்காற்றினால் குமரியை எட்ட இயலவில்லை என்று அதில் வருந்துகிறார். பரிவு மிக்க சாட்சியம் அது. ஆயினும் பாறைமேல் கிடந்தவர்களின் குரல் அதில் இல்லை. அவர்களைப் பற்றிய குரலே உண்டு.

நான்கரை நூற்றாண்டுக்குப் பின் அக்கரையில் நிகழ்ந்த போரிலும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. 2001 ஏப்ரலில் வன்னிக்குச் சென்று திரும்புகையில், இலங்கைப் படையினரின் தாக்குதலில் இடக்கண் பார்வையை இழந்தார் லண்டன் சண்டே டைம்ஸின் மேரி கொல்வின். 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். அவர் வாழ்வு 2018இல் 'எ பிரைவேட் வார்' என்னும் படமாயிற்று. அவரது துணிவு போற்றத்தக்கதே.

ஆனால் அங்கேயே இருந்தவர்களை எண்ணிப் பார்ப்போம். பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 அன்று ஊரடங்கு வேளையில் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். வீரகேசரிக்கு எழுதிவந்த ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பில் சுடப்பட்டார். 'தராக்கி' சிவராம் 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே பிணமாகக் கிடந்தார். வன்னியிலிருந்து இறுதிப்போரின் செய்திகளைத் தந்த பு. சத்தியமூர்த்தி, 2009 பிப்ரவரியில் எறிகணை வீச்சில் மாண்டார்.

இவர்கள் எல்லோரும் ஒரே தரப்பினர் அல்லர். ஒரே கையால் மாண்டவர்களும் அல்லர். விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த இசைப்பிரியா 2009 மே மாதம் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜனவரி 8 அன்று கொழும்பில் மாண்ட லசந்த விக்கிரமதுங்க சிங்களர். புலிகளையும் விமர்சித்து எழுதிய மருத்துவர் ராஜினி திராணகம 1989இல் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். அவரைப் பற்றிய 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' படத்தையும் 2005இல் கனடா நாட்டவரே எடுத்தனர்.

நம் பக்கம் நிகழ்ந்தது என்ன? கேலம் மக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கு 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. இசைப்பிரியாவின் கதையைத் தமிழில் சொல்ல முயன்ற கு. கணேசனின் 'போர்க்களத்தில் ஒரு பூ' படத்துக்கும் 2015இல் அதே கதி நேர்ந்தது. அண்டை நாட்டுறவு கெடும் என்னும் வாதம் இத்தகைய படங்களைத் தடுக்கிறது. தொலைவிலுள்ள காபூலைக் காட்டத் தடை இல்லை. கண்ணெதிரே உள்ள கரையைக் காட்டத்தான் தடை.

அப்படங்களின் கலைத்தகுதி பற்றி மாற்றுக் கருத்துகள் இருக்கலாம். அவற்றைச் சொல்லும் உரிமை பார்த்தவர்க்கு உரியது. பார்க்க விடாமல் செய்தவர்க்கு உரியதன்று. தணிக்கை ஒருபுறமிருக்க, நம் படைப்பாளிகளும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அகப்பட்ட ஊருக்குள் வெளியூர்ச் செய்தியாளரை ஜீப்பில் ஏற்றி அனுப்புவதை விடுத்து, ஊரடங்கு இரவில் தம் வீட்டு மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த நிமலராஜனின் அறையிலிருந்து ஒரு படத்தைத் தொடங்கலாம்.