நைஜீரியாவில் எரிவாயு எரிப்பு
நைஜீரியாவில் எரிவாயு எரிப்பு என்பது எண்ணெய்க் கிணறுகளில் கச்சா எண்ணெயுடன் சேர்ந்து வெளிவரும் இயற்கை எரிவாயுவைப் பயன்படுத்தாது அங்கேயே கொளுத்திவிடும் வழக்கத்தைக் குறிக்கும். 1956 இல் ஒலோயிபிரி என்னும் ஊரில் எண்ணெய் கண்டறியப்பட்டது. குழாய் அமைத்து வாயுவைச் சேகரிப்பதைவிட எரிப்பது செலவு குறைவு என்பதால் இவ்வழக்கம் நைஜர் கழிமுகப் பகுதியெங்கும் பரவியது.

1979 ஆம் ஆண்டுச் சட்டம், 1984 சனவரி 1 முதல் அனுமதியின்றி எரிப்பதைத் தடை செய்தது. ஆனால் அமைச்சர் அனுமதி அளிக்கலாம் என்னும் விதிவிலக்கும் மிகக் குறைந்த கட்டணமும் அத்தடையைப் பெயரளவில் ஆக்கிவிட்டன. 2005 இல் பெனின் நகரிலுள்ள நடுவண் உயர் நீதிமன்றம் இவ்வழக்கம் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்த பின்னரும் எரிப்பு நிற்கவில்லை.

1999 இல் போனி தீவிலிருந்து நீர்ம எரிவாயு ஏற்றுமதி தொடங்கிய பின்னர் எரிக்கப்படும் அளவு பெரிதும் குறைந்தது. எனினும் தீப்பிழம்புகளுக்கு அண்மையிலுள்ள ஊர்கள் பலவற்றுக்குச் சீரான மின்வழங்கல் கிடைப்பதில்லை.