பறிக்கப்பட்ட பாடநூல்

1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து மதுரைக்குப் புகைவண்டியிலே பயணம் செய்தார் 57 வயது நிரம்பிய வங்கத்து விதவை ஒருவர். திருச்சியிலிருந்து மதுரைக்கு அந்நாளில் எங்கள் திண்டுக்கல் வழியன்றி வேறு இருப்புப்பாதை கிடையாது. ஆகவே, சுருட்டுக்கும் பூட்டுக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் நிலையத்திலும் அவ்வண்டி நின்று சென்றிருக்கும். அம்மையார் மதுரை கண்டார். பின்னர் இராமேசுவரம் சென்றார். அங்கே இராமநாதபுரம் அரசரின் ஆணையால் கருவறை அவருக்குத் திறந்துவிடப்பட்டது. பொன்னாலான 108 வில்வ இலைகள் அவர் கையிலே தரப்பட்டன. உடன் வந்தோர் அவரை மானிடப் பெண்ணென்று கருதவில்லை, தேவி என்றனர். அவர்தாம் இராமகிருஷ்ண பரமஹம்சரின் மனைவி, சாரதாமணி அம்மையார்.

தேவியின் பெருமை பாட ஆயிரம் நாவுகள் உண்டு. அவர்களுக்கு நான் போட்டியல்ல. அந்தத் தேவியின் கையிலிருந்து ஒருநாள் பறிக்கப்பட்ட ஒரு சிறு பாடநூலைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அரிச்சுவடி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அந்தச் செய்திதான் கண்ணில் உறுத்துகிறது.

1853 டிசம்பர் 22ஆம் நாள், வங்கத்தின் ஜெயராம்பாடி என்னும் சிற்றூரில் பிறந்தார் சாரதா. 1859இல் அவருக்குத் திருமணம். மணமகளுக்கு வயது ஐந்து! மணமகனுக்கு இருபத்து மூன்று! பெண்ணுக்கு விலையாக மணமகன் வீட்டார் 300 ரூபாய் கொடுத்தனர். குழந்தைக்கு அணிவித்த நகைகளோ, ஊர்ச் செல்வர் வீட்டில் இரவல் வாங்கியவை. திருப்பித் தரவேண்டிய நாள் வந்தது. கேட்டால் குழந்தை அழும். எனவே உறங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தனர். விழித்தெழுந்த குழந்தை வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்து அழுதது. இதை எதிரிகள் எவரும் புனையவில்லை. அடியார்கள் எழுதிய வரலாற்றிலேயே உள்ளது.

சில ஆண்டுகள் சென்றன. கணவர் வீடிருந்த காமார்புகூரில், சிறுமி சாரதா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். கையிலிருந்தது, 1855இல் ஈசுவர சந்திர வித்தியாசாகர் வெளியிட்ட ‘வர்ணபரிசயம்’. வங்கத்துப் பிள்ளைகளின் முதற்பாடம். பரமஹம்சரின் மருமகன் இருதயராம் அதைக் கண்டார், வெடுக்கெனப் பிடுங்கினார். பெண்ணுக்கு எழுத்தெதற்கு? இன்று எழுத்து, நாளை நாவல், நாடகம் என்று கெட்டுப் போவாளாம்! அருகிலிருந்து படித்த இலட்சுமியின் நூலையும் பறிக்க முனைந்தார். அவள் விடவில்லை. அவள் அவ்வீட்டில் பிறந்த பெண், பரமஹம்சரின் தமையன் மகள். இறுகப் பற்றிக்கொள்ளும் உரிமை அவளுக்கு இருந்தது. வாழ வந்த பெண்ணுக்கு அந்த உரிமை ஏது?

எனினும் சாரதா என்ன செய்தார்? ஓர் அணா கொடுத்து வேறொரு படி வாங்கினார், மறைவாக! இலட்சுமி பாடசாலை சென்று கற்றுவந்ததை வீட்டில் இவருக்குச் சொல்லித் தருவாள். பிற்காலத்தில் தட்சிணேசுவரத்தில், கங்கையில் நீராட வரும் ஒரு பெண் இவரருகே அமர்ந்து பாடம் கேட்டுத் திருத்துவாள். அதற்குக் கட்டணமாக, தோட்டத்திலிருந்து தமக்கு வந்த கீரையும் காயும் அளித்தார் சாரதா. கீரை கொடுத்துக் கல்வி வாங்கிய அந்த மாணவியை நினைக்கும்போது, பொன் வில்வத்தைவிட அந்தக் கீரைக்கட்டு எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது.

கணவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரார் தூற்றினர். உண்மை அறிய 1872இல், பதினெட்டு வயதில், தந்தையுடன் கால்நடையாகப் புறப்பட்டார். வழியில் காய்ச்சலில் விழுந்தார். எழுந்து வந்து தட்சிணேசுவரம் சேர்ந்தார். அக்கோவிலைப் பற்றி ஒரு சொல். அதை 1855இல் கட்டியவர் இராணி இராசமணி. பெண், விதவை, வைதிகம் தாழ்ந்ததெனத் தள்ளிவைத்த கைவர்த்த குலத்தவர். அவர் பணத்தில் எழுந்த கோவிலில் பூசை செய்யப் புரோகிதர்கள் தயங்கினர். அத்தகைய பெண் எழுப்பிய வளாகத்திலேதான், மற்றொரு பெண் ஏறத்தாழ 50 சதுர அடி அறையொன்றில் ஒடுங்கிக் கிடந்தார்.

‘நகபத்’ என்னும் மேளக்கூடத்தின் கீழறை அது. வாயில் தாழ்ந்தது, நிமிர்ந்து நுழைந்தால் தலை இடிக்கும். இடித்து இடித்துக் குனியப் பழகினார். சமையலும் அங்கே, பாத்திரமும் பண்டமும் அங்கே, உறிகள் தலைக்குமேல், விருந்தினராக வரும் பெண்களின் படுக்கையும் அங்கேயே. சுற்றிலும் மூங்கில் தட்டி. எவர் கண்ணிலும் படாதிருக்க விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து நீராடிவிடுவார். பகலெல்லாம் இயற்கைக் கடனையும் அடக்கிக்கொண்டிருப்பார். தம் கணவர் அன்பரிடையே ஆடுவதையும் பாடுவதையும் தட்டியிலிருந்த துளை வழியே, நின்றபடியே, மணிக்கணக்கில் பார்ப்பார். கால்களில் வாதநோய் கண்டது. அது வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. அங்கே ஒரு பெண் வாழ்கிறாள் எனக் கேள்விப்பட்டதுண்டு, கண்டதில்லை என்றாராம் கோவில் அதிகாரி. பெருமையாகவே அதைக் குறிக்கின்றனர் அடியார்கள்!

பரமஹம்சர் கொடியவரா? அல்லர். ஒருமுறை, வந்தது இலட்சுமி என்றெண்ணி ஒருமையில் அழைத்துவிட்டதற்காக மறுநாள் காலை மனைவியிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். மனைவியை ‘அடி’ என்றன்றி அழைத்தறியாத நம்மூர்ப் பகுத்தறிவாளர் சிலர் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் தோழர்களே, அன்பர் கூட்டத்துக்கு அவர் நாள்தோறும் வழங்கிய உபதேசம் எது? காமினியையும் காஞ்சனத்தையும் துறப்பீர் என்பது. பெண்ணும் பொன்னும் ஒரே தட்டில்! அந்த உபதேசம் ஒலித்த கூடத்துக்குச் சில அடி தொலைவில், உபதேசிக்கு அரிசி வடித்துக்கொண்டிருந்தவரும் ஒரு பெண்தான்.

ஓர் அமாவாசை இரவு, மனைவியைப் பீடத்தில் அமர்த்தி, தேவியாகப் பூசித்தார் பரமஹம்சர். இதைப் பெண்மைக்குக் கிடைத்த பெரும் சிறப்பென்பர். இருக்கட்டும். பூசை முடிந்ததும் தேவி திரும்பிச் சென்றது எங்கே? அதே தாழ்ந்த வாயிலுக்குள்தான். மகளுக்குப் பிள்ளைப்பேறு இல்லையே என்று தாய் சியாமாசுந்தரி புலம்பியபோது, எண்ணற்ற பிள்ளைகள் ‘அம்மா’ என்றழைப்பார்கள் எனப் பதில் வந்தது. அந்தப் பெண்ணைக் கேட்டு எடுத்த முடிவன்று அது.

1886 ஆகஸ்டு 16. தொண்டைப் புற்றுநோயால் பரமஹம்சர் மறைந்தார். அம்மையாருக்கு வயது 32. கோவிலிலிருந்து திங்கள்தோறும் கிடைத்துவந்த ஏழு ரூபாயும் நிறுத்தப்பட்டது. நிறுத்த வேண்டாமென்று நரேந்திரர், பின்னாளைய விவேகானந்தர், மன்றாடியும் பயனில்லை. காமார்புகூருக்குத் திரும்பிய அம்மையார் தாமே மண்ணைக் கொத்திக் கீரை வளர்த்தார். சோறும் கீரையும் உண்டார். உப்பு வாங்கக் காசில்லாத நாட்களும் இருந்தன. வளையலைக் கழற்றவில்லை என்று ஊர்வாய் வேறு கடித்தது. பூசித்தபோது கூடிய மலர்கள் எங்கே? பட்டினியின்போது ஒரு பிடி உப்பு எங்கே? தேவி என்று அழைப்பதில் ஒரு வசதியுண்டு, தேவிக்குப் பசிக்காது!

கடல் கடந்தும் பாருங்கள். அமெரிக்காவில் 1830 ஏப்ரல் 6 அன்று மார்மன் சமயத்தை நிறுவினார் ஜோசப் சுமித். அவர் மனைவி எம்மா. கணவர் சொல்லச் சொல்ல, அச்சமயத்தின் மறைநூலில் ஒரு பகுதியை எழுதியது அவர் கை. 1842இல் அச்சமயப் பெண்கள் சங்கத்துக்கு முதல் தலைவர். ஆனால் 1843 சூலையில், பலதார மணம் ஆண்டவன் ஆணை என்று எழுதிவைத்தார் கணவர்; ஏற்காவிடில் அழிவு என்று எம்மாவின் பெயரைச் சொல்லியே எச்சரித்தது அந்த ‘அருள்வாக்கு’. எம்மா எதிர்த்தார். அடுத்த ஆண்டு சூன் 27இல் கணவர் கொலையுண்டார். பிரிகாம் யங் கூட்டத்தை மேற்கே அழைத்துச் சென்றார். எம்மா செல்ல மறுத்தார். 1847இல் மறுமணம் செய்துகொண்டார். விளைவு? அந்தத் தலைவரின் வாயால் பழிச்சொல். பணிந்தவருக்குத் தூபம், பணியாதவருக்குத் தூற்றல்! மதம் நிறுவியவனின் மனைவிக்கு மதம் வைத்திருக்கும் கூலி இவ்விரண்டே.

வங்கத்தையும் அமெரிக்காவையும் குறைகூறி, நம் வீட்டை விட்டுவிடுவது நேர்மையாகாது. சாதியையும் சமயச் சண்டையையும் சாடியவர் என நாம் போற்றும் வள்ளலாருக்கும் திருமணம் நடந்தது. தமக்கை மகள் தனகோடி மணமகள். முதலிரவில் அவர் திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தார் எனப் பூரிப்புடன் எழுதுகிறார்கள். அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தவள் விடியும்வரை என்ன நினைத்தாள் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை.

இந்த வழக்கத்தை உடைத்த ஓர் எழுத்து தமிழிலே உண்டு. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் முன்னின்ற நாகம்மையார், 1933 மே 11 அன்று மறைந்தார். ‘குடிஅரசு’ இதழில் பெரியார் இரங்கலுரை எழுதினார். அம்மையாரைத் தேவியாக்கவில்லை. பெண்ணுரிமை பற்றித் தாம் பேசியும் எழுதியும் வந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட அவரிடம் தாம் நடந்துகாட்டியதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்று ஒப்புக்கொண்டார். எந்த மதத்து ஆசான் தம் மனைவியைப் பற்றி இவ்வாறு எழுதினார்? அதைப் படித்து மகிழ்ந்துவிட்டு, சமையற்கட்டை நோக்கி ‘காப்பி!’ என்று குரல் கொடுக்கும் நம் தோழர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

சாரதா அம்மையார் அந்தப் பாடநூலை மறக்கவில்லை. 1898இல் வெளிநாட்டுப் பெண்கள் மூவரோடு அமர்ந்து உண்டார். ஆசாரம் முகம் சுளித்தது. அவ்வாண்டு நவம்பர் 13இல், அம்மூவருள் ஒருவரான நிவேதிதை கல்கத்தாவில் தொடங்கிய பெண்கள் பள்ளியை வாழ்த்தித் திறந்துவைத்தார். அப்பள்ளியில் சென்னைப் பெண்கள் இருவர், இருபது வயது கடந்தும் மணமாகாமல் கற்பதைக் கண்டு வியந்தார். தம் நாட்டிலோ எட்டு வயதாகுமுன் பெண்ணைத் தள்ளிவிடத் துடிக்கிறார்களே என்று நொந்துகொண்டார். தென்னாட்டுக்கு வந்தபோது சொற்பொழிவாற்றச் சொன்னார்கள். தமக்கு அது தெரியாது என்று கூறிவிட்டார்.

1920 சூலை 20 அன்று கல்கத்தாவில் மறைந்தார். இராமாயணம் படிக்குமளவுக்கு எழுத்தறிவு கைகூடியிருந்தது. எழுத மட்டும் கற்கவில்லை. நாடெங்குமிருந்து வந்த கடிதங்களுக்கு அவர் பதில் சொல்வார். எழுதியது வேறொருவர் கை.