அலிபிரியும் அந்த இரும்பு வண்டியும்

2003 அக்டோபர் 1. டெட்ராய்ட்டில் விடிந்தும் விடியாத நேரம். ஊரிலிருந்து போன். "அலிபிரியில குண்டு வெடிச்சிடுச்சாம்டா, சந்திரபாபு வண்டிய தூக்கிட்டாங்களாம்" என்றாள் அம்மா. எங்களுக்கு வெதுருகுப்பம். (வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ரெண்டும் அரைகுறை!) பிரம்மோற்சவ நேரம் வேறு. சித்தி அன்றைக்குத்தான் மலைக்குப் போயிருந்தாள். காலிங் கார்டு தீரும்வரை சுற்றிச் சுற்றிப் போன் போட்டேன். ராத்திரி லட்டோடு வந்து சேர்ந்தாளாம்.

முதலமைச்சர் சாமிக்குப் பட்டு வஸ்திரம் கொண்டுபோகும் வழியில், மக்கள் யுத்தக் குழு சாலையோரம் வரிசையாகக் கிளேமோர் கண்ணிகளை வைத்திருந்தது. எல்லாமே வெடிக்கவில்லை. குண்டு துளைக்காத அம்பாசிடர் என்பதால் காயத்தோடு பிழைத்தார். 'ஏழுமலையான் காப்பாத்தினார்' என்றது ஊர். எனக்கென்னவோ அந்தக் காரின் தகடுமேல்தான் புத்தி போனது. தொழில் அப்படி.

கிளேமோர் பக்கவாட்டில் ஒரே திசையில் இரும்புக் குண்டுகளை வீசுவது. அதற்குக் கனமான தகடு ஓரளவு தாங்கும். தரைக்கடியில் புதைப்பது வேறு சாதி. 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் பாலாற்றருகே செய்தது அது. (நம்ம சித்தூர் பக்கத்துப் பாலாறு இல்லை. மேட்டூரைத் தாண்டி, கர்நாடக எல்லையில் காவிரியில் கலக்கிற இன்னொரு பாலாறு.) தேடிப்போன போலீஸார், வனக்காவலர்கள், ஆள்காட்டிகள் என்று 22 பேர் போனார்கள். 'ராம்போ' கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு தப்பினார். அவர்கள் போனது சாதாரண வண்டியில்.

அடியிலிருந்து வருகிற வெடிக்கு மருந்து கண்டவர்கள் தென்னாப்பிரிக்கர்களும் ரொடீசியர்களும், 1970களில். முதலில் ஜீப் தரையில் மணல் மூட்டை, டயருக்குள் தண்ணீர். பிறகுதான் படகின் அடிப்பாகம் மாதிரி 'வி' வடிவ வயிறு. தட்டையான தரை வெடிப்பை முழுசாக வாங்கிக்கொள்ளும், சரிவான தகடு அதை இருபுறமும் தள்ளிவிடும். அப்படி வந்த 'காஸ்பிர்' சக்கரத்துக்கடியில் 21 கிலோ, வயிற்றுக்கடியில் 14 கிலோ டிஎன்டி தாங்கும் என்று கணக்கு. 1990களின் கடைசியில் இந்தியா அதை வாங்கியது. பிறகு அதே ஜாதி வண்டியை, அப்போது நம் ஆந்திராவில் இருந்த மேடக் தொழிற்சாலையே செய்ய ஆரம்பித்தது.

2007ல் லீவில் போனபோது மாமா பிடித்துக்கொண்டார். அவர் பையன் சி.ஆர்.பி.எஃப்.பில் சேர்ந்து சத்தீஸ்கர் போயிருந்தான். "மாப்ளே, நீ கார் கம்பெனிலதான இருக்கே, இவனுக்குக் குடுக்குற வண்டி நல்ல வண்டியா?" தோசை ஆறுகிறது. நானோ பேப்பரில் 'வி' வரைந்து காட்டி, அமெரிக்காக்காரனே இராக்குக்கு இப்போது இதைத்தான் ஆயிரக்கணக்கில் வாங்குகிறான் என்றேன். நிஜம்தான், அந்த வருஷம் பென்டகன் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. மாமா நிம்மதியாகக் கை கழுவப் போனார்.

2005லேயே பிஜாப்பூர் பக்கம் அப்படி ஒரு வண்டி தூக்கப்பட்டு 24 பேர் இறந்தது எனக்குத் தெரியவில்லை. அரைகுறையாகத் தெரிந்தவன் பேச்சு! 2008 ஜூலையில் ஒரிசாவின் மல்காங்கிரியில் இன்னொன்று, 17 போலீஸார். எத்தனை கிலோ தாங்கும் என்பது எதிரிக்கும் தெரியும். தகட்டைக் கூட்ட டெண்டர், சோதனை, வருஷக்கணக்கு. வெடியைக் கூட்ட இன்னும் ரெண்டு கேன் போதும். படைக்குள்ளேயே அதைச் 'சக்கரம் வைத்த சவப்பெட்டி' என்றார்கள். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

2018 மார்ச்சில் சுக்மாவில் இன்னொரு வண்டி போய், 9 பேர் இறந்த வாரம் அவனோடு பேசினேன். "அண்ணா, நாங்க முடிஞ்சவரைக்கும் வண்டி ஏறுறதே இல்ல, நடைதான்" என்றான். விடிகாலையில் ஒரு கூட்டம் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போகும். மண் நிறம் மாறியிருக்கிறதா, ஓரத்தில் பொந்து தோண்டித் தாருக்கடியில் திணித்திருக்கிறார்களா, ஒயர் தெரிகிறதா. கருவி உண்டு, நாய் உண்டு. "ஆனா கண்ணுதான் முக்கியம்ணா. நாலு கிலோமீட்டருக்கு ஒரு காலைப்பொழுது ஆயிடும்."

2025 ஜனவரி 6, பிஜாப்பூரில் 8 ஜவான்களும் டிரைவரும். அவர்கள் வந்தது ஒரு ஸ்கார்ப்பியோவில். அவனுக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான். "டூட்டி முடிச்சு நடந்து வந்துட்டிருக்கேண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.