வெள்ளலூர் மண்ணில் சீசரின் முகம்

கோவையை அடுத்து நொய்யல் கரையில் அமைந்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் 522 வெள்ளிக்காசுகள் இருந்தன. மிகப் பெரும்பாலானவை அகுஸ்து சீசரும் திபேரியு சீசரும் வெளியிட்டவை. லூக்கா நற்செய்தியின் தொடக்க அதிகாரங்களில் நாம் வாசிக்கும் அதே இரு பெயர்கள்! அவ்வூரிலேயே 1891-இலும் 1931-இலும் மீண்டும் காசுகள் கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர், கத்தாங்கண்ணி எனப் பட்டியல் நீளும். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1946-இல் கிடைத்தவை மட்டும் ஏறத்தாழ 1,400.

இவை தெனாரியங்கள். திராட்சைத் தோட்டத்து வேலையாளுக்கு ஒரு நாள் கூலியாகப் பேசப்பட்ட அதே நாணயம். ஏறக்குறைய நான்கு கிராம் எடை. நமது பழைய நாலணாவைவிடச் சற்றே சிறியதாகத் தோன்றும். எழுத்துத் தேய்ந்திருந்தாலும் இனங்காண்பது கடினமன்று. பின்புறத்தில் இரு இளைஞர் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருப்பின் அது அகுஸ்துவின் காசு. அவ்விருவரும் அவர் தத்தெடுத்த பேரர்கள். அரியணை ஏறுமுன்னரே மாண்டவர்கள். கையில் கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருப்பின் அது திபேரியுவின் காசு. முன்புறத்தில் அவரைத் தெய்வீக அகுஸ்துவின் மகன் என்றும், பின்புறத்தில் தலைமைக் குரு என்றும் இலத்தீன் எழுத்துகள் அறிவிக்கின்றன. (இப்பட்டம் பிற்காலத்தில் திருத்தந்தையருக்கு வழங்கலானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.)

வரி கொடுப்பது முறையா என்று ஆண்டவரைச் சோதித்தவர்கள் காட்டிய காசு இந்தத் திபேரியு வகையே என்பது நெடுநாளைய கருத்து. இதில் அறிஞரிடையே ஐயமும் உண்டு. எருசலேம் அகழ்வுகளில் கி.பி. 70-க்கு முற்பட்ட தெனாரியங்கள் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. யூதேயாவில் அருகிய அக்காசு கொங்கு மண்ணில் குவியல் குவியலாகக் கிடைப்பதை எண்ணி நாம் வியக்காமல் இருக்க இயலவில்லை.

எப்படி வந்தன? மேற்குக் கடற்கரையின் முசிறியில் இறங்கிய செல்வம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே வந்தது. படியூரின் பெரில் கற்களை உரோமர் பெரிதும் விரும்பினர். புதிய எருசலேமின் அடித்தளக் கற்களுள் எட்டாவதாகத் திருவெளிப்பாடு குறிப்பது இக்கல்லையே. நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழ்வுகள் மணிக்கல் தொழிற்கூடங்களையும் இரும்புலைகளையும் காட்டின. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ்களை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி குறைபட்டார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியம் என்பதால் அது ஒன்றேகால் கோடித் தெனாரியம். அவர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம்; குறைபடுவோர் கணக்கு எந்தக் காலத்திலும் பெருத்தே இருக்கும்.

கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ தெனாரியத்தின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிற்பட்ட வெள்ளிக்காசுகள் நம் புதையல்களில் மிகக் குறைவு. நம் வணிகருக்கு அரச முகத்தைவிட வெள்ளியின் தரமே பெரிதாக இருந்தது என்று இதிலிருந்து நாம் கொள்ளலாம்.

புதையலைக் கண்டெடுப்போர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என 1878-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்திற்குப் பல காசுகள் வந்து சேர அது துணைசெய்தது. பொற்கொல்லர் உலைக்குப் போனவை எத்தனையோ! புளியிட்டுத் துலக்கினாலும் எழுத்து அழியும். குவியலைப் பிரித்து விற்றாலோ எந்த ஊரில், எந்தக் கலயத்தில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தியே போய்விடும். ஏர்முனையில் இத்தகைய காசு தட்டுப்படும் உழவர் அதைத் துலக்காமல், பிரிக்காமல் அதிகாரிகளிடம் சேர்ப்பாராயின் நம் பகுதியின் ஓர் ஏடு காக்கப்படும்.

புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் சீசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு உண்டு. காசைச் செலாவணியிலிருந்து நீக்கவே வெட்டினர் என்பார் சிலர். அயல் மன்னனின் உருவத்தை ஏற்காமையால் வெட்டினர் என்பார் வேறு சிலர். முன்னதே பொருத்தமென நமக்குத் தோன்றுகிறது. வெட்டியவர்கள் பொன்னைச் சிறிதும் அகற்றாமல் முகத்தை மட்டுமே கீறியிருக்கிறார்கள்.